தம்பியின் கிடா

ஆகஸ்ட் 11

இன்றும் மழை. ஆட்டுக்குட்டிகளை மேற்கு வயலிலிருந்து பட்டிக்கு ஓட்டினேன். பாதி வழியில் ஏழெட்டுக் குட்டிகள் கால் விறைத்து உட்கார்ந்துவிட்டன. நாய் குரைத்தும் எழவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி ரோவன் பைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"என்னக்கா, உன் குட்டிங்க ஸ்டிரைக்கா?"

அவன் குட்டிகளுக்கும் என் குட்டிகளுக்கும் ஒரே தகப்பன், அவனுடைய மெரினோ கம்பளிக் கிடா ட்யூக். கெஞ்சிக் கூத்தாடி ஜனவரியில்தான் இரவல் வாங்கினேன். அவனுடையவை குதிக்கின்றன, என்னுடையவை படுக்கின்றன. கிடாகூட ஆள் பார்த்துத்தான் பெற்றுக்கொடுக்குமா?

ஆகஸ்ட் 14

அப்பா வீட்டில் சாப்பாடு. என் தட்டில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டே சொல்கிறார்: "பண்ணையைப் பிரிச்சப்போ கிடாங்களை ரோவனுக்குக் கொடுத்தது நல்லதாப் போச்சு. ஆடு வளர்க்கவும் ஒரு கைராசி வேணும், கிளெனிஸ்."

எனக்குக் கொடுத்தது கிழட்டுப் பெட்டைகள். வயிறு எரிகிறது. இந்த வயதில் இப்படி எரியலாமா? எரிகிறது, என்ன செய்ய.

ஆகஸ்ட் 19

கால்நடை டாக்டர் ஹோலிஸ் வந்தார். ஒரு குட்டியை விரட்டச் சொல்லிப் பார்த்தார். "ஓட்டினப்புறம் மூத்திரம் கறுப்பாப் போகுதாம்மா?" ஆமாம், போகிறது. குட்டி, தாய், எல்லாவற்றிலும் ரத்தம் எடுத்துக்கொண்டார். பெர்த் நகரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவாராம்.

ஆகஸ்ட் 30

டாக்டர் போன் செய்தார்.

"தின்ன புல்லு சர்க்கரையாகி, மிச்சம் தசையில கட்டியா சேர்ந்திருக்கும். திடீர்னு ஓடணும்னா அதை உடைச்சுத்தான் பலம் எடுக்கணும். உடைக்கிற பொருள் இதுங்ககிட்ட இல்ல. கிடங்கு நெறைய சரக்கு இருக்கு, கதவு திறக்கல."

"அப்போ நடக்கவே நடக்காதா?"

"மெதுவா ஓட்டுங்க. கொஞ்ச நேரம் போனா ரத்தத்துல வர்ற சர்க்கரையும் கொழுப்பும் கைகொடுக்கும். அப்புறம் நடந்துடும்."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். தாய், தகப்பன் இருவரிடமும் இந்தக் குறை ஒளிந்திருந்தால்தான் குட்டியைப் படுக்கவைக்குமாம். என் பெட்டைகளிடம் இருக்கிறது. அப்படியென்றால் ட்யூக்கிடமும் இருக்கிறது! ரோவன் வெளியூர்ப் பெட்டைகளை வாங்கி ட்யூக்கோடு சேர்த்ததால் அவன் மந்தையில் தெரியவில்லை, அவ்வளவுதான். ட்யூக்கின் மகன்களில் பாதி இதைச் சுமக்கும். அந்த மகன்கள்தான் அடுத்த மாதம் இருபதாம் தேதி கிடா ஏலத்துக்குப் போகிறார்கள்.

"தம்பிகிட்ட நீங்க சொல்றீங்களா?"

"சொல்றேன் டாக்டர்."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன்.

செப்டம்பர் 2

சொல்லவில்லை.

செப்டம்பர் 6

இன்னும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் படம்: ரோவன், ட்யூக், நடுவில் அப்பா. மூன்று பேருக்கும் ஒரே பெருமை.

ஏலம் முடியட்டுமே? நாலைந்து வருடத்தில் குறை பரவி, வாங்கினவர்களின் குட்டிகளும் படுக்கும். ஊரே அவன் பேரைச் சொல்லிக் காறித் துப்பும் — நினைக்க இனிப்பாக இருந்தது. எவ்வளவு இனிப்பு என்று பார்த்தபோது பயமாகிவிட்டது. வாங்குகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

செப்டம்பர் 9

சொல்லிவிட்டேன். நம்பவில்லை.

"உனக்கு வயித்தெரிச்சல்க்கா. சின்ன வயசுலேருந்தே."

"ஆமாடா, எரிச்சல்தான்! நான் பொய் சொல்றேன்னே வச்சுக்கோ. ரத்தமும் பொய் சொல்லுமா? ட்யூக்கோடதை எடுத்து அனுப்பிப் பாரு!"

என் வேலிக் கதவைச் சாத்தாமல் போனான். ரோவன் கதவைத் திறந்துபோட்டு நான் பார்த்ததே இல்லை. நான்தான் போய்ச் சாத்தினேன்.

செப்டம்பர் 20

ஏலம். ரோவன் மேடை ஏறினான். ஏலக்காரர் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"ட்யூக் ரத்தத்துல ஒரு குறை இருக்கு. சோதனையில தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு ஒரு கிடாகூட விக்கல. முன்னாடி வாங்கினவங்க எங்கிட்ட வாங்க, நான் பாத்துக்கறேன்."

கொட்டகையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொருவராக வரிசையில் வந்து கைகுலுக்கினார்கள். 'ஆம்பளைன்னா இவன்!' என்று கூட்டத்தில் ஒரு குரல். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தோளில் கை போட்டார்.

என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. குட்டிகள் என்னுடையவை, கண்டுபிடித்தது நான், கைகுலுக்கல் அவனுக்கு! தோற்றுப்போவதிலும் இவனுக்கே முதல் பரிசா? கடவுளே, எனக்கென்று எதையுமே மிச்சம் வைக்கமாட்டாயா?

செப்டம்பர் 21

நேற்று கோபத்தில் எழுதுவதைப் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

ஏலத்திலிருந்து திரும்பி வரும்போது ரோவன் தன் வண்டியை என்னை ஓட்டச் சொன்னான். பின்னால் விற்காத கிடாக்கள் முட்டிக்கொண்டு வந்தன. கோதுமைக் கிடங்கைத் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி, இறங்கி, வேலியோரம் வாந்தி எடுத்தான். சட்டைக் கையில் வாயைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"இனிமே எவனும் எங்கிட்ட கிடா வாங்கமாட்டான்க்கா. கை குடுத்தாங்களே, அவங்க கண்ணைப் பாத்தேன்."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"நீ எப்படிக்கா தாங்குற? வருஷா வருஷம், எல்லாத்துலயும் கடைசியா வர்றத?"

கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆடு, மழை, கம்பளி, எதைப்பற்றியும் அவன் இதுவரை என்னிடம் யோசனை கேட்டதில்லை.

"வண்டியில ஏறு, சொல்றேன்" என்றேன்.