தட்டினால் விட்டுவிட வேண்டும்

அம்மா,

இன்று காலை சுவரலமாரியைச் சுத்தம் செய்தேன். அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உருவியபோது உன் சடையன் கீழே விழுந்தான். பபுள்கம் வாங்கினால் கூடவே ஒரு சீட்டு கொடுப்பார்களே, அமெரிக்க மல்யுத்தக்காரன் படம் போட்டது, அதுதான். தோள்வரை முடி, மஞ்சள் ஜட்டி, கண்ணில் முறைப்பு. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. அந்த முறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. தூசி போகட்டும் என்று அவனைத் தரையில் தட்டினேன். தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நம் தெருவுக்குக் கேபிள் வந்த வருஷம் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் பாதி வீடுகளில் ஞாயிறு சாயங்காலம் அந்தச் சண்டைதான் ஓடும். ஆறு நாள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு, ஏழாம் நாள் நீயும் முறத்தில் கடலையை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாய். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. சண்டைக்காரர்களுக்கெல்லாம் நீயே பெயர் வைத்தாய். சடையன், மீசைக்கார வெள்ளையன், மூஞ்சிக்கு மை பூசியவன் பூச்சாண்டி. சடையன் எப்போதும் தோற்பான். அதனாலேயே அவனை உனக்குப் பிடித்தது.

சண்டைக்கு நடுவே ஊரைக் காட்டுவார்கள். வானத்தைத் தொடும் கட்டடங்கள், கடல்மேல் நீளமாகச் சிவப்புப் பாலம், கையில் தீப்பந்தம் ஏந்திய பெண் சிலை. சிலை வந்தால் நீ சும்மா இருக்கமாட்டாய்.

"ஒத்தக் கையத் தூக்கிட்டே நிக்காளே, பாவி மவளுக்குத் தோள்பட்டை கடுக்காதா? அந்தப் பந்தத்த யாரு பொருத்திக் குடுத்தா? நம்ம ஆபீஸ் பெட்டியாத்தான் இருக்கும்."

அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். ஆமாம், அப்பா சிரித்திருக்கிறார். இப்போது சொன்னால் என் வீட்டுக்காரர்கூட நம்புவதில்லை. லாரிக்கு லோடு ஏற்றப் போகும் மனுஷன் வாரம் முழுக்கக் குடிப்பார். ஞாயிறு சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம் மட்டும் குடிக்காமல் வந்து, உன் முறத்திலிருந்து கடலை எடுத்துத் தின்றுகொண்டு, அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி நமக்குச் சட்டம் சொல்வார். கீழே கிடப்பவனின் கையை மேலே இருப்பவன் முறுக்குவான். தாங்க முடியாமல் போனால் கிடப்பவன் தரையைத் தட்டுவான். உடனே மணி அடிக்கும்.

"தட்டிட்டாம்னா விட்றணும். அதான் சட்டம். அதுக்குப் பொறவும் பிடிச்சிக்கிட்டு நின்னாம்னா அவன் ஆம்பளையே கிடையாது" என்பார் அப்பா. நீ கடலை உடைத்துக்கொண்டிருப்பாய்.

மற்ற நாட்களில் நம் வீட்டில் மணி அடிக்க யார் இருந்தார்கள்? குழம்பில் உப்புக் கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. உன் வலது கையைப் பின்னால் வளைத்து முறுக்குவதுதான் அவர் வழக்கம். அப்படி முறுக்கிய ஒருநாள், முகம் தரையில் அழுந்தக் கிடந்த நீ, இடது கையால் சிமெண்டுத் தரையைத் தட்டினாய். டப் டப்பென்று சத்தம் கேட்டது. அப்பா திகைத்துப்போனார். உன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். வெளியே போய் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் நீ தட்டினாய், அவர் விட்டார். அவர் சொன்ன சட்டம், அவராலேயே மீற முடியவில்லை. எனக்கோ உன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எதுக்கும்மா தட்டுத? திருப்பி அடிக்க வேண்டியதுதான? இல்லாட்டி மாமா வீட்டுக்குப் போயிருவோம்."

"தோத்தா என்னட்டி? கை முழுசா இருந்தாத்தான நாளைக்குக் குச்சி அடுக்க முடியும்" என்றாய் நீ. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் என்னோடு படித்த ஒருத்தி, அது நிஜச் சண்டையே இல்லை என்றாள். யார் ஜெயிப்பது, யார் விழுவது எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்களாம். உன்னை மட்டம் தட்ட ஒரு வாய்ப்பு என்று ஓடிவந்து சொன்னேன். நீ அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி, இத்தன அடி வாங்குனவளுக்கு எது அடி, எது நடிப்புன்னு தெரியாதா? சடையன் விழுததப் பாத்த அன்னிக்கே தெரியும். நிசமா அடி வாங்குனவன் அப்படி விழ மாட்டான்."

"பொறவு எதுக்குப் பாக்குத?"

"நடிப்புலகூட, தட்டுனா விடுதாம்லா." அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் வந்தாய். குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "உங்கப்பாட்ட மட்டும் இதச் சொல்லிராத, என்ன?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நீ சண்டை பார்க்க உட்காரவில்லை என்று. அவர் அந்தச் சட்டத்தை மறக்காமல் இருக்க வேண்டும், அதற்காக வாராவாரம் உட்கார்ந்திருக்கிறாய். சடையன் தோற்றால் "ஐயோ, கொல்லுதானே!" என்று நெஞ்சில் கைவைத்துக் கத்துவாயே, அது அவர் கேட்பதற்காக. அன்றிலிருந்து நானும் சேர்ந்து கத்தினேன். கேபிள்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "இதெல்லாம் செட்டப்பு அண்ணாச்சி" என்று ஆரம்பித்தபோது நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். "படம் கோடு கோடா விழுது, முதல்ல அதச் சரி பண்ணு" என்று நீ போட்ட அதட்டலில் அவர் மேலே பேசாமல் போய்விட்டார்.

எத்தனை நாளைக்கு மூடி வைக்க முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீக்கடையில், போன வாரச் சண்டையை அப்பா கையை ஆட்டி ஆட்டி விவரித்திருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது அவர் குடித்திருக்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குப் பயமாக இருக்கிறது.

"எல்லாம் பொய்யாம்லா? ஒனக்குத் தெரியுமாட்டி?"

கேள்வி உனக்குத்தான். அவர் உன்னைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உன் அளவுக்கு நடிக்க வராது.

"அப்ப ரெண்டு பேரும் சேந்து என்னைய வச்சுக் கூத்துப் பாத்திருக்கீய."

கையை முறுக்கினார். நீ தட்டினாய். விடவில்லை. மறுபடி தட்டினாய். "தட்டுதால்லா! விடுங்கப்பா!" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன். பக்கத்து வீட்டார் ஓடிவந்து பிரிப்பதற்கு முன்பே உன் தோளில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். அவர் மூலையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். நீ வாசல்படி ஏறவே இல்லை. வருஷக்கணக்காக நான் கெஞ்சிக் கேட்டது, அன்றைக்கு எவ்வளவு சாதாரணமாக உன் வாயிலிருந்து வந்தது!

"தட்டியும் விடலட்டி. இனி அவியகூட என்ன ஆட்டம் இருக்கு? பைய எடு."

புதூர் பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போனோம். அப்பா வந்து எத்தனையோ முறை கூப்பிட்டார், அழுதார். நீ திரும்பவில்லை. உன் வலது கையும் அதற்கப்புறம் தோளுக்கு மேல் எழும்பவில்லை. நான்தான் உனக்குத் தலை சீவிவிட்டேன். சிலைக்காரிக்குக் கை வலிக்குமே என்று கவலைப்பட்டவள் நீ. டிவியில் எங்காவது அவள் வந்தால், "கொடுத்து வச்சவ" என்பாய். சண்டை வந்தால் எழுந்து போய்விடுவாய்.

கடைசியில், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அந்த மத்தியானம். தொண்டையில் குழாய் இருந்ததால் உன்னால் பேச முடியவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். நான் உன் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போயிருவோம்மா, சரியாயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் வலது கை மெதுவாக நகர்ந்து வந்தது. என் முழங்கைக்குக் கீழே தட்டியது. தண்ணீர் கேட்கிறாய் என்று நர்ஸ் நினைத்தார். நீ என்னையே பார்த்துக்கொண்டு மறுபடியும் தட்டினாய்.

எனக்குப் புரிந்தது அம்மா. புரிந்தும் கொஞ்ச நேரம் விடவில்லை. நானும் அவர் மகள்தானே. பிறகு விட்டேன். மதுரைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து உன் தலையைச் சீவிவிட்டேன்.

சீட்டைத் துடைத்து அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த உன் பேரன் ஓடிவந்து மடியில் விழுந்தான். தட்டினால் நான் விட்டுவிடுவேன் என்று அவனுக்கும் தெரியும். இறுக்கிக் கட்டிக்கொண்டேன். எதையோ எட்டி எடுக்கப் போனவனின் கை என் முதுகில் பட்டது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

"நான் தட்டலம்மா, கை தெரியாமப் பட்டுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ" என்றான்.

மறுபடி பிடிக்க என்னால் முடியவில்லை, அம்மா.