மயில்கழுத்து நிறத்தில் ஒரு கிட்டார்

மார்ச் 2, ஞாயிறு

பார்சல் வந்துவிட்டது! கத்தி தேடப் பொறுமையில்லை, வீட்டுச் சாவியாலேயே பெட்டியைக் கிழித்தேன். உடல் தனி, கழுத்து தனி, திருகுகள் ஒரு பொட்டலம், வயர்கள் ஒரு பொட்டலம். நாமே சாயம் ஏற்றி, நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய எலெக்ட்ரிக் கிட்டார். அதுவும் இடக்கைக்காரர்களுக்கானது. கடைகளில் கேட்டால், "அப்படி ஒண்ணு வர்றதே இல்லம்மா" என்று கைவிரிப்பார்கள். இத்தனை வருஷம் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து மல்லுக்கட்டினேன்.

முகப்பில் மெல்லிய மேப்பிள் மரத்தகடு ஒட்டியிருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் அதன் ரேகைகள் தண்ணீர் போல அசைகின்றன. கணவர் எட்டிப் பார்த்து, "இது என்ன, காய் வெட்டுற பலகை மாதிரி இருக்கு?" என்றார்.

பலகையாம்!

மார்ச் 4

ஏப்ரல் 12-இல் எங்கள் மருத்துவமனையின் ஆண்டு விழா. ஊழியர்களான எங்கள் இசைக்குழுவுக்கு இரண்டு பாட்டு கொடுத்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவள் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறாள். எல்லோருக்கும் அவள் 'இடி'. நான் ரத்தப் பரிசோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து மேசையில் ஒரு தட்டு தட்டினாள். "புது கிட்டாரோட வர்ற. இல்லாட்டி மேடை ஏறாத."

குழாய்கள் குதித்தன. நானும்தான்.

மார்ச் 8, சனி

பால்கனியில் நாள் முழுக்கத் தேய்ப்பு. உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, ரேகையின் போக்கிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு போதும், சாயம் ஏறியதும் கீறல் பல்லிளிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் மர இழைகள் சிலிர்த்து நிற்கின்றன. காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. இப்போது கன்னம் மாதிரி வழவழப்பு.

உள்ளறையில் பாப்பா. கணவரின் தங்கை. முப்பத்து நாலு வயதானாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். அழகு நிலையத்தில் முடிக்குச் சாயம் போடும் வேலையில் இருந்தவள். புருஷனோடு ஒத்துவராமல் டிசம்பரில் இங்கே வந்தாள், வேலையையும் விட்டுவிட்டாள். படுத்தே கிடக்கிறாள். என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்று மட்டும் ஒரு வார்த்தை பேசினாள்: "அண்ணி, அந்தச் சத்தத்துல பல்லு கூசுது." கதவைப் படீரென்று சாத்திக்கொண்டாள்.

மார்ச் 9

மயில்கழுத்து நிறம்! சாயத்தூளை வெந்நீரில் கரைத்து, பழைய பனியனைச் சுருட்டி நனைத்து, ஒரே இழுப்பு. ரேகைகள் திடுமென ஆழமாகிவிட்டன. கை வைத்தால் உள்ளே போய்விடும் போல. தனியாக நின்று கைதட்டினேன்.

ஆனால் மேல் விளிம்பில், முன்கை படிகிற இடத்தில், ஒரு திட்டு மட்டும் வெளுத்தே நிற்கிறது. தகடு ஒட்டிய பசை வழிந்து காய்ந்திருக்க வேண்டும். சொட்டை மாதிரி இருக்கிறது. நாளை தேய்த்து எடுத்துவிடலாம்.

மார்ச் 10

போச்சு.

பசையை மட்டும் எடுக்கலாம்னுதான் தேய்ச்சேன். தகடே தேஞ்சு, அடியில இருக்கிற வேற மரம் தெரியுது. அது காகித கனம்தான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன் — யாரு துரத்தினாங்க என்னை? சாயம் வச்சுப் பார்த்தேன், அந்த இடம் மட்டும் பாசி புடிச்ச மாதிரி வருது. இடிகிட்ட என்னன்னு சொல்றது?

மார்ச் 11

துணி போட்டு மூடிவிட்டேன். அந்தப் பக்கமே போகவில்லை.

மார்ச் 13

வேலை முடிந்து வந்தால் பால்கனி விளக்கு எரிகிறது. துணி விலகியிருக்கிறது. கிட்டார் உடலுக்கு முன்னால் பாப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"யாரு அண்ணி இதுக்கு ஒரே கலர் அடிக்கச் சொன்னது?"

"பிடிச்சுது, அடிச்சேன்."

"விளிம்பு பூரா கருப்பாக்கிடு. தேஞ்ச இடம் அதுக்குள்ள போயிடும். தலையில நாங்க பண்றதில்ல? வேர்ல கருப்பு, போகப் போக வெளிச்சம். எங்க இது முடியுது, எங்க அது தொடங்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நீ பண்ணித் தர்றியா?"

"தலைன்னா பண்ணுவேன். மரம்... தப்பாப் போனா என்னைத் திட்டக் கூடாது."

"ஏற்கெனவே போனதுதானே பாப்பா. இன்னும் எங்க போகப் போகுது?"

சிரித்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் பல்லை இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 15, சனி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்!

முதலில் பின்பக்கத்தில் ஒத்திகை பார்த்தோம். அங்கேயே சண்டையும் வந்தது. கருப்பு ஒரு விரல் அகலம் போதும் என்றேன். "ஒரு விரல் விட்டா கண்மை கலைஞ்ச மாதிரி இருக்கும் அண்ணி. நாலு விரல் விடணும்." அவள் சொன்னதே சரி.

பிறகு முகப்பு. நான் உடலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அவள் விளிம்பில் கருப்பை வைத்து, காய்வதற்குள் ஈரத்துணியால் நடுவை நோக்கி இழுத்தாள். ஆய்வுக்கூடத்துக் கையுறையைக் கொடுத்தேன், வாங்கவில்லை. கையுறை போட்டால் ஈரம் தெரியாதாம். ஓரிடத்தில் கோடு விழுந்தது. "நிறுத்தாத, சுத்து சுத்து!" என்று கத்தினாள். சுற்றினேன். கோடு கரைந்துவிட்டது. நடுவில் மயில்கழுத்து, வெளியே வர வர மழை இருட்டு. தேய்ந்துபோன அந்த இடத்தை நானே தேடினேன், கிடைக்கவில்லை.

பாப்பா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

மார்ச் 26

துணியால் மெல்லிசாக வார்னிஷ், ஒன்று காய்ந்தபின் ஒன்று. முதல் பூச்சிலேயே நிறம் விழித்துக்கொண்டது. இன்று ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது. பாப்பா புருவம் எடுக்கும் இடுக்கியைக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலோடு முழுசாக எடுத்தாள். கணவர் வார்னிஷ் நெடிக்கு மூக்கைப் பொத்தியபடி, "நம்ம வீட்டுச் சாப்பாடே பளபளன்னு இருக்கு" என்றார். பலகை என்று இப்போது சொல்வதில்லை. வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறார்.

ஏப்ரல் 6

பூட்டியாயிற்று! கழுத்தைத் திருகி, தந்தியின் ஒலியை வாங்கும் பிக்கப்புகளை உட்கார வைத்து, வயர்களைப் பற்றவைத்து, தந்தி மாட்டி, ஆம்ப்பில் சொருகினால் — சத்தமே இல்லை. மறுபடி கழற்ற உட்கார்ந்தேன். பாப்பா சும்மா இருக்காமல் ஒரு குமிழைத் திருகி, தந்தியைத் தட்டினாள்.

டங்ங்ங்!

வால்யூம் பூஜ்யத்தில் இருந்திருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அவருக்கும் வாசித்துக் காட்டினோம்.

ஏப்ரல் 13

நேற்று விழா. முதல் பாட்டில் ஓரிடத்தில் தடுமாறினேன். இடி சத்தத்தைக் கூட்டி மூடிவிட்டாள், புண்ணியவதி. இரண்டாவது பாட்டில் தடுமாறவே இல்லை. இத்தனை வருஷம் கீழே கிடந்த தடித்த தந்தி, இருக்க வேண்டிய இடத்தில், மேலே இருந்தது. யோசிக்காமல் கை போயிற்று. அந்தச் சுகத்தை எப்படி எழுதுவது?

இறங்கியதும் தலைமை மருத்துவர் வந்து கிட்டாரைத் தடவிப் பார்த்தார். "எந்தக் கடையில வாங்கினீங்க?"

"வாங்கல டாக்டர். பூட்டினது நான், நிறம் எங்க பாப்பா."

விழா பார்க்க வந்திருந்த அவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். எனக்குத் தெரியாது. வீடு வரும்வரை கிட்டார்ப் பையை யாரிடமும் கொடுக்காமல் அவளே தூக்கி வந்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இடி தன் டிரம்ஸைக் கழற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பாப்பாவிடம் பேசி முடித்துவிட்டாள். விளிம்பில் கருப்பு, நடுவில் சிவப்பு. நான் டிரம்மைச் சுற்றுகிற ஆள்.

வேலை நடுவில் கூடத்தில் பாப்பாவின் போன் அடித்தது. எடுத்துவந்து பார்த்தால் அவள் புருஷன். இத்தனை மாதத்தில் இன்றுதான் கூப்பிடுகிறார். "அவர்தான்" என்று அவள் முன்னால் நீட்டினேன்.

பார்த்தாள்.

"கை ஈரமா இருக்கு அண்ணி. அடிச்சு ஓயட்டும். நீ சுத்து."

போனை ஜன்னல்மேல் வைத்துவிட்டுச் சுற்றினேன். அது ஓய்ந்த பிறகும் துணி நிற்கவில்லை. கோடு விழாமல் சிவப்பை இழுத்துக்கொண்டே போனாள்.