வாத்தியார் விலை

1973 ஜூலை 24, செவ்வாய்

ஆறாவது செவ்வாய் முடிந்தது. காலை ஏழு மணிக்குப் பையும் நோட்டுமாக வில்லாபுரம் கடைத்தெருவில் இறங்கி, ஒன்பது கடையும் பார்த்து வீடு திரும்பப் பத்தே கால். துவரம்பருப்பு கிலோ மூன்று ரூபாய் ஐந்து பைசா. கடலை எண்ணெய் போன வாரத்தைவிடப் பத்துப் பைசா கூடுதல். கத்தரிக்காய் மட்டும் இறங்கியிருக்கிறது.

இந்த வேலையை எதற்காக எடுத்துக்கொண்டேன் என்று ஒருமுறை எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகும். தெற்கே இருக்கும் நூல் மில்லில் நானூறு பேர். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன் பஞ்சப்படி பேச்சுவார்த்தை. விலைவாசி இவ்வளவு ஏறிவிட்டது, சம்பளத்தோடு இவ்வளவு சேர்த்துக் கொடு என்று தொழிலாளர்கள் ஒரு விலைப்பட்டியல் வைப்பார்கள். அவ்வளவெல்லாம் ஏறவில்லை என்று நிர்வாகம் வேறொன்று வைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஊர்தானா என்று சந்தேகம் வரும். இந்த வருஷம் இரண்டு தரப்பும் சேர்ந்து, பொதுவான ஆள் என்று என்னைக் கேட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். ஒப்புக்கொண்டேன். அக்டோபர் 12 அன்று பட்டியலை வைக்க வேண்டும்.

கடைகளை நானே தேர்ந்தெடுத்தேன். ஒன்பதில் ஏழு பேர் என்னிடம் படித்தவர்கள், அல்லது படித்தவர்களின் அப்பாக்கள். என்னிடம் பொய் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 29, ஞாயிறு

அடுத்த வீட்டு மொக்கைச்சாமி வந்திருந்தான். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் அவன் அப்பா பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர். இவன் மில்லில் சேர்ந்து பதினெட்டு வருஷம்; இப்போது சங்கச் செயலாளர். அவனுடைய பெண் தங்கப்பொண்ணு பசுமலையில் ஆசிரியப் பயிற்சி இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

“படிப்ப நிப்பாட்டிரலாம்னு பாக்குறேன் சார். தீபாவளி முடிஞ்சதும் மில்லுல நூல் சுத்துற கோன் வைண்டிங்குக்குப் பொண்ணுங்கள எடுக்கிறாய்ங்க. எழுதிப் போட்டா கெடைக்கும்” என்றான்.

“இன்னும் ஒரு வருஷம்தானே?”

“ஒரு வருசம் சோறு திங்கணுமே சார்.”

உட்காரவைத்துப் பேசினேன். எங்கள் வீட்டையே உதாரணமாகச் சொன்னேன். பென்ஷன் நூற்றித் தொண்ணூறு ரூபாய். நானும் என் மனைவி விஜயமும் அதில்தான் இருக்கிறோம். ஒருநாளும் இல்லை என்று நின்றதில்லை. காரணம் திட்டம். ஒரு பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு மாதச் செலவுத் திட்டம் போட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் விலை எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நல்ல மனிதர்கள்தான். செலவு செய்யத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. குழாயில் தண்ணீர் வரவில்லை. விஜயம் காலிக் குடத்துக்குப் பொட்டு வைத்தாள்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

பத்தாவது வாரம். மில்லின் லேபர் ஆபீசர் பட்டாபிராமன் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, இதுவரை சேர்ந்த பட்டியலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “இதைத்தான், விஸ்வேஸ்வரன் சார், நானும் சொல்லிண்டிருக்கேன். பேப்பர்ல போடற அளவுக்கு ஒண்ணும் ஏறலை” என்றார். ஒரு பிரதி எடுத்துப் போனார்.

போன பின் விஜயம், “அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டா நீங்க கொஞ்சம் யோசிக்க வேண்டாமோ?” என்றாள்.

விலை விலைதான், யார் சந்தோஷப்பட்டாலும், என்றேன்.

செப்டம்பர் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மொக்கைச்சாமியின் மனைவி மலையம்மாள் வந்தாள். நான் போட்டுக் கொடுத்த செலவுத் திட்டம் நாலாக மடித்துக் கையில் இருந்தது.

“சார், இந்த வெலைக்கு எந்தக் கடையில குடுக்குறாக? அந்தக் கடைய மட்டும் காட்டுங்க. ஒங்க பேரச் சொல்லி நானும் பொழச்சுக்கிறேன்.”

“கருத்தக்கண்ணன் கடை.”

“நானும் அங்கதான் சார் வாங்குறேன். முந்தாநா பருப்பு மூணு அம்பது.”

“நீ எந்தப் பருப்பு வாங்கினாயோ.”

“ரெண்டு மூட்டையா வச்சிருக்காரு? இருக்குறது ஒண்ணு.”

நேரில் காட்டினால் தீர்ந்தது என்று கிளம்பினேன். எவ்வளவு நிச்சயமாக நடந்தேன். கடையில் ஐந்தாறு பேர். நான் உப்பு மூட்டைப் பக்கம் ஒதுங்கி நின்று, அவளை முதலில் கேட்கச் சொன்னேன். கருத்தக்கண்ணன் குனிந்தபடியே, “மூணு அம்பது” என்றான். நான் முன்னால் வந்து, “எனக்கு எவ்வளவு?” என்றேன்.

நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“சாருக்கு... மூணு இருபது.”

“ஒரே மூட்டைதானே?”

வரிசையில் நின்ற ஒருவன், “என்னண்ணே, சாருக்கு ஒண்ணு எங்களுக்கு ஒண்ணா? நாளைக்கு நானும் கண்ணாடி மாட்டிக்கிட்டு வாரேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

கருத்தக்கண்ணன் என்னை உள்ளே கூப்பிட்டான். “கோவிச்சுக்காதீக சார். நீங்க ரிட்டயரானதுலருந்தே இந்த வெலதான். பென்சன்காரருகிட்ட என்னத்தக் கூட்டி வாங்குறதுன்னு விட்டுட்டேன்.”

“நோட்டில் எழுதும்போதாவது சொல்லியிருக்கலாமேப்பா.”

“ஒரு வெலய எழுதச் சொல்லிட்டு இன்னொரு வெலக்கி நிறுத்துப் போட்டா, அங்கயே புடிச்சிருக்க மாட்டீகளா? கணக்கு வாத்தியார்ல.”

வெளியே வந்தேன்.

மலையம்மாளோடு திரும்பினேன். வீட்டு வாசலில், “விடுங்க சார். குடுத்த மனுசன் மனசாரத்தான் குடுத்துருக்காரு” என்றாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மரியாதை என்று நினைத்தேனே, பாவம் பார்த்திருக்கிறான். ரெண்டரை வருஷம். இதை வைத்துக்கொண்டு ஊருக்குச் சிக்கனம் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கேன் – செலவு செய்யத் தெரியாதவர்கள் என்று இதே நோட்டில் எழுதியிருக்கேன். யாருக்குத் தெரியவில்லை?

செப்டம்பர் 11, செவ்வாய்

விலை எழுதப் போகவில்லை, விசாரிக்கப் போனேன். காய்கறிக்கார ஒச்சம்மாள்: “ஆமா சார், ஒங்களுக்கு ஒரு கை கூடத்தான் போடுவேன். அதுக்கென்ன இப்ப?” விறகுக் கடை நல்லகாமன்: “ஈர வெறகக் கழிச்சிட்டுத்தான் ஒங்களுக்கு நிறுப்பேன்.” எண்ணெய்க் கடையிலும் அப்படித்தான். தெரிந்த ஏழு கடையில் ஆறு.

எடை பார்க்கும் மேடையில் ஏறி நிற்கிறோம். பின்னால் ஒருவர் சட்டையைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிக்கொண்டே இருக்கிறார். முள் காட்டும் எடையை நம்பி, நான் இளைத்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம். வகுப்புதான் இல்லை.

செப்டம்பர் 12

விஜயத்திடம் எல்லாம் சொன்னேன். “காய் கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கும். வாத்தியாராத்துக்குன்னு நிறுக்கறான்னு நெனச்சுண்டேன். அதைப் போய்க் கணக்குப் பண்ணுவாளா யாராவது?” என்றாள்.

இனி ஊர் விலைக்கே வாங்குவது என்று முடிவு. மாதம் பதினான்கு ரூபாய் இடிக்கும். ஆங்கிலப் பேப்பர் வேண்டாம், சாயங்காலக் காபி எனக்கு வேண்டாம் என்றேன். “உங்க காபியை நிறுத்தினா அந்தக் கோபத்தை யார் தாங்கறது? பேப்பர் மட்டும் போறும், பாக்கியை நான் பாத்துக்கறேன்” என்றாள்.

செப்டம்பர் 13, வியாழன்

மொக்கைச்சாமியைக் கூப்பிட்டு, பன்னிரண்டு வாரப் பட்டியலும் தப்பு, திருத்தி வைக்கப்போகிறேன் என்றேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

“பழைய லிஸ்ட்டு அந்த லேபர் ஆபீசரு கையில இருக்கு சார். இப்பத் திருத்துனா நாந்தான் ஒங்கள வளைச்சுட்டேம்பாய்ங்க. மொத்தத்தையும் தூக்கிக் கெடாசிருவாய்ங்க. நாங்க நாப்பது ரூவா கேக்குறோம். பத்தோ பதினஞ்சோ தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சிருவாய்ங்க.”

“பதினைந்து என்றால் உனக்கு?”

“தங்கப்பொண்ணு மில்லுக்குப் போகணும். வேறென்ன.”

அவன் பயம் நியாயமானது. ஆனாலும் வழி தெரிகிறது. கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டால் நான் ஒருநாளும் அழித்ததில்லை. அதன்மேல் ஒரு கோடு கிழித்துவிட்டுப் பக்கத்திலேயே சரியானதைப் போடுவேன். எங்கே தவறினோம் என்று வகுப்புக்குத் தெரிய வேண்டும். அதையேதான் செய்யப்போகிறேன்.

இன்னும் நான்கு செவ்வாய் இருக்கிறது. நான் கடைக்குப் போகக் கூடாது. மலையம்மாள் போகட்டும். விலை கேட்க வேண்டாம், வாங்கட்டும். கேட்கும் விலை வேறு, வாங்கும் விலை வேறு என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 18, செவ்வாய்

மலையம்மாளும் இன்னொரு மில் தொழிலாளியின் மனைவி அன்னக்கொடியும் கடைக்குப் போய்வந்தார்கள். அதே ஒன்பது கடை. நான் வீட்டில் நோட்டோடு காத்திருந்தேன். அவர்கள் சொல்லச்சொல்ல எழுதினேன். மலையம்மாள் நான் நினைத்தே பார்க்காததைக் கேட்டாள்: “கால் கிலோ, அரக் கிலோன்னு வாங்குனா கிலோ வெலக் கணக்குல வராது சார், அஞ்சு பைசா கூடத்தான் வரும். அத எங்க எழுதுவீக?”

அதற்கென்று தனிக் கட்டம் போட்டேன்.

அக்டோபர் 9

நான்கு வாரமும் முடிந்தது. இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ‘வாத்தியாருக்கு’, ‘மற்றவர்களுக்கு’ என்று தலைப்பிட்டேன். முதல் பத்தியின்மேல் ஒரே கோடு. கீழே காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 12, வெள்ளி

மில் ஆபீசில் பத்து மணிக்குக் கூட்டம். எழுந்து, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பென்ஷன்காரர் என்று பாவம் பார்த்த கதையையும் விடவில்லை.

பட்டாபிராமன் பேனாவை மேஜைமேல் போட்டார். “உங்க லிஸ்டைப் பாத்துட்டுத்தான் முதலாளிகிட்டப் பதினஞ்சு ரூபாய்னு சொல்லியிருக்கேன். இப்ப வந்து தப்புங்கறேள். பக்கத்தாத்துக்காரர் சொல்லித்தானே?”

“அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார். உங்கள் வீட்டில் பருப்பு என்ன விலைக்கு வாங்குகிறீர்கள்?”

“எங்காத்துக்குக் கீழமாசி வீதியிலேர்ந்து மொத்தமா வந்துடும். எனக்கெப்படித் தெரியும்?”

“அப்படியானால் என் பட்டியலும் வேண்டாம், அவர்கள் சொல்வதும் வேண்டாம். கருத்தக்கண்ணன் கடை ஐந்து நிமிஷ தூரம். நீங்களே போய் ஒரு கிலோ வாங்கிவாருங்கள்.”

ரோஷக்காரர், எழுந்துவிட்டார். மில் காரில் போய் இருபது நிமிஷத்தில் பருப்புப் பொட்டலத்தோடு திரும்பினார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“எம்புட்டு சார்?” என்றான் மொக்கைச்சாமி.

“மூணு எழுபத்தஞ்சு.”

மலையம்மாள் பத்தியில் அந்த வாரத்து விலை மூன்று அறுபது. மொக்கைச்சாமிதான் அடக்க முடியாமல், “அது கார் வெல சார். ஒங்களப் பாத்தா யாருக்குக் கொறைக்கத் தோணும்?” என்றான். மேஜையின் இந்தப் பக்கம் சிரித்தது. அப்புறம் அந்தப் பக்கமும். பட்டாபிராமனும் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை எடுத்தார். பிறகு என் தாளை இழுத்து, இரண்டாவது பத்தியின் ஓரத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டார்.

“இதை வச்சுண்டு பேசுவோம்.”

அக்டோபர் 19, வெள்ளி

ஒப்பந்தம் கையெழுத்தானது. முப்பத்திரண்டு ரூபாய். நாற்பது கிடைக்கவில்லை என்று சங்கத்தில் சிலருக்குக் கோபம். மொக்கைச்சாமி இரவு வந்து, “அவ படிக்கட்டும் சார். தீபாவளிக்கு எங்களுக்குத் துணி வேணாம்னு மலையம்மா சொல்லிருச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஒப்பந்தத்தின் கடைசி ஷரத்து எனக்குப் பிடித்தது. அடுத்த வருஷத்திலிருந்து விலைப் பட்டியலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் இருவர் எடுப்பார்கள். வாத்தியார் கூட்டல் சரிபார்ப்பார்.

அக்டோபர் 25

தீபாவளி. ஒரே ஒரு பலகாரம். தங்கப்பொண்ணு வீட்டுக்கு வந்தவள், ஏழாம் வகுப்புக்கு வட்டி எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டாள். நீ எப்படிச் சொல்வாய் என்றேன். என்னுடையதைவிட நன்றாகத்தான் சொன்னாள்.

நவம்பர் 20, செவ்வாய்

கருத்தக்கண்ணன் கடை. வரிசையில் நின்றேன். அவன் என்னைப் பார்த்ததும் குறைத்துச் சொல்ல வாயெடுத்தான். இனி ஊர் விலைதான் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால் நிறுத்திக்கொண்டான். “பருப்பு மூணு எம்பது சார்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அரைக் கிலோ போதும்” என்றேன். இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

பின்னால் நின்ற அம்மாள், யாரென்று எனக்குத் தெரியாது, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். “எனக்கும் அரக் கிலோதான்ணே. ரெண்டையும் சேத்து ஒரு கிலோவா நிறுங்க, கிலோ வெலயப் போடுங்க. நாங்க பிரிச்சுக்கிறோம். என்ன சார், சரிதான?”

சரி என்றேன். ஆளுக்கு ஐந்து பைசா மிச்சம்.