வெந்நீரும் ஊறவைத்த பழமும்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் நம் பாப்பாவும் சேத்தூரில் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்த லடாக் எல்லைக் காவல் முகாமில் கழிவறைக்குப் பனியில் நடக்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தேன், மலச்சிக்கல் வந்துவிட்டது. டாக்டரிடம் சொல்லக் கூச்சம். கூடத் தங்கியிருக்கும் டோல்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களை ஊறவைத்துத் தின்னக் கொடுத்தாள், வெந்நீரும் குடிக்கவைத்தாள். மறுநாள் நான் கழிவறையிலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பியதும் அறையே கைதட்டியது!

வீட்டில் "ஏட்டி, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். எரிச்சலாக வரும். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை.

ராஜபாளையத்தில் உலர்ந்த கறுப்புத் திராட்சை வாங்கி அனுப்புங்கள், டோல்மாவுக்கும் சேர்த்து. பாப்பா வெந்நீர் குடிக்க அடம்பிடித்தால், அம்மாவும் இந்நேரம் குடித்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லுங்கள். டியூட்டிக்கு விசில் ஊதிவிட்டார்கள்.

உங்கள் மாரீஸ்வரி