பத்துக் குழிக் கல்

ஒரு காகிதப் பை நிறைய மெழுகு. இன்று காலை கல்லறைத் தோட்டத்தில் அருங்காட்சியகத்து ஆள் என் கையில் கொடுத்தார். நம் மகள் ஜெனியின் கல்லறைக் கல்லில் உள்ள பத்துக் குழிகளிலிருந்தும் சுரண்டி எடுத்தது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் ஏற்றிவைத்த மெழுகுவர்த்திகள். வளைகுடாவில் நாம் இருந்த அதே குதைபியா வீட்டில் சமையல் மேடைமேல் வைத்திருக்கிறேன். கருகிய திரியின் வாடை வீடு முழுக்க அடிக்கிறது. நீங்கள் இறந்து இரண்டு வருடமாகிறது. இன்றைக்கு உங்களிடம் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள்.

அவர் நம் கல்லைப் பார்க்க வந்தவர் இல்லை. மதில் ஓரத்தில் பழைய வெள்ளைக்காரக் கப்பல்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றனவே, அதில் இரண்டின் தலைமாட்டில் கிண்ணம் கிண்ணமாகக் குழித்த கற்கள். அவற்றைப் படமெடுக்க வந்தவர் கண்ணில் நம்முடையதும் பட்டுவிட்டது. "சிஸ்டர், யே பஹுத் புரானா பத்தர் ஹை" என்றார், ரொம்பப் பழைய கல்லாம். நான் சிரித்தேன். "நஹி பாய், மேரா ஹஸ்பெண்ட் பனாயா" என்றேன். என் புருஷன் செய்தது என்று சொல்ல என்ன பெருமை எனக்கு! அவர் பொறுமையாக மூன்று கற்களையும் காட்டினார். ஒரே மாதிரிக் குழிகள். நம் கல்லில் இரும்பு உளி பட்ட தடமே இல்லையாம். யேசு பிறப்பதற்கு ரொம்ப முன்னால் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் கல்லால் கல்லைத் தட்டிக் குழித்தது, பிற்பாடு வந்தவர்கள் எடுத்துக் கல்லறைக்கு வைத்துக்கொண்டார்கள் என்றார். கல்லைக் கொண்டுபோகலாமா என்று படிவத்தை நீட்டினார். வந்த ஆத்திரத்தில் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் இருந்தாள் ஜெனி. ஞானஸ்நானம் கொடுக்க சாமியார் வரும்வரை தாங்காது என்று, கூட வேலை செய்த நர்ஸ்கள் பார்த்துக்கொண்டிருக்க, நானே அவள் நெற்றியில் தண்ணீர் விட்டேன். அடக்கம் முடிந்த வாரம் நீங்கள் சொன்னீர்கள்: "பிள்ளே, அவளுக்கு நானே கல்லு கொத்தணும். வெள்ளிக்கிழம தோறும் சல்மாபாத் போறேன்." எட்டு வெள்ளிக்கிழமை போனீர்கள். விடியக் கிளம்பினால் இருட்டித்தான் வருவீர்கள்.

அந்த எட்டு வெள்ளியும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பால் கட்டி நெஞ்சு கல்லாக இருந்தது. அதை வற்றவைக்கத் தெருமுனைக் கடையில் மல்லிகைப்பூ வாங்கி நெஞ்சில் வைத்துக் கட்டிக்கொண்டு தனியாகக் கிடந்தேன். பூ வாடினதும் அவிழ்த்துவிட்டு வேறு கட்டினேன். ஒரு நாளாவது என்னோடு இருங்கள் என்று கேட்க வாய் வரும். பிள்ளைக்காக வெயிலில் கல் கொத்துகிற மனுஷனிடம் எப்படிக் கேட்பது என்று அடக்கிக்கொள்வேன்.

கல் வந்தது. "ஒம்பது நாளுக்கு ஒம்பது குழி" என்றீர்கள். எண்ணிப் பார்த்தேன், பத்து இருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னீர்கள்: "பத்தாவது, அவ வாழாத நாளுக்கு." உங்கள் கையைப் பிடித்து முத்தமிட்டேன். அந்தக் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. நர்ஸ் நான், அதைக்கூடப் பார்க்கவில்லை பாருங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததும் சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். உங்கள் பழைய கம்பெனியின் சல்மாபாத் கேம்ப்பில் இருந்தவர் அவர்தானே.

"கல்லு கொத்துனானா? ஆரு சொன்னா? ரோட்டு வேலைக்கு மண்ணு தோண்டும்போ வந்த கல்லு பிள்ளே. நான்தான் பிக்கப்ல தூக்கி வச்சேன். வீட்டு வாசல்ல போடன்னு சொன்னான்."

"அப்போ வெள்ளிக்கிழம எல்லாம்?"

"எங்க ரூம்லதான். சீட்டு வெளையாடுவோம், கருவாடு வச்சுத் திம்போம்."

பிள்ளையைப் புதைத்த கையோடு சீட்டு விளையாடினீர்களா என்று மனதுக்குள் உங்களைத் திட்டத் தொடங்கினேன். திட்டி முடிக்கவில்லை. அண்ணன் குரல் இறங்கியது.

"பிள்ள போன காரியமே எங்களுக்குத் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு கோயில்ல வச்சுத்தான் கேள்விப்பட்டோம். அதுவரைக்கும் எப்ப கேட்டாலும், பிள்ள நல்லா இருக்கு, பால் குடிக்குது, மொகம் பாத்துச் சிரிக்குதுன்னே சொல்லிட்டு இருந்தான். கடைசி வாரம் வந்தப்போ, கழுத்து நின்னுட்டு அண்ணே, தூக்கி வச்சா சுத்திச் சுத்திப் பாக்குதுன்னான். நாங்களும் நம்பி மிட்டாய் வாங்கிட்டு வரச் சொன்னோம். வாங்கிட்டும் வந்தான்."

போனை வைத்துவிட்டேன்.

கல் பொய் என்றால் போகட்டும். சீட்டு விளையாடியதையும் காலப்போக்கில் மன்னித்துவிடுவேன். நான் பூக் கட்டிப் பாலை வற்றவைத்துக்கொண்டிருந்த அதே வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் அவளை வளர்த்துக்கொண்டிருந்தீர்கள். சிரிக்கவைத்தீர்கள், கழுத்து நிற்கவைத்தீர்கள். அவள் உயிரோடு இருந்த ஒரே இடம் அந்த அறை. அங்கே என்னைக் கூட்டிப்போகவில்லை நீங்கள்.

இனி என்னிடம் இருப்பது அதுதான்: நான் பார்க்காத ரெண்டு மாதக் குழந்தை ஒன்று. தூக்கி வைத்தால் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறதாம். யாரைத் தேடியது என்று ஒரு வார்த்தை அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாதா?