மெழுகின் மேல் வார்னிஷ்

இறைவன் துணை

ஜூன் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணி எழுதுவது. நலம், உன் நலத்துக்குத் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? போனிலேயே கேட்டிருப்பேன். போன் கூடத்தில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் உன் அண்ணன் இருக்கிறார்.

மருந்துக் கடை வேலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று நீ தனி வீடு பார்த்துப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவர் மூஞ்சி இன்னும் தூக்கியபடியேதான் இருக்கிறது. தான் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால்தான் தங்கை போய்விட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களாம். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நேற்றுக் கேட்டேன். "அந்த வீட்ல உட்கார ஒரு நாற்காலி கிடையாது. நான் போய் எங்க உட்காருறது, அவ தலை மேலயா?" என்றார்.

கவனித்தாயா சின்னு? வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நாற்காலி இல்லை என்றுதான் சொன்னார். ஆகவே நாற்காலி ஒன்று தயார்செய்து போட்டுவிடு.

புதிதாக வாங்காதே, காசைக் கரியாக்காதே. பழைய சாமான் கடைக்குப் போ. இருக்கை கிழிந்திருந்தால் நல்லது, விலை குறையும். காலைப் பார், தூக்கிப் பார், கனமாக இருக்க வேண்டும். ஆடுகிற மூட்டைக் கழற்றிப் பசை வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டு. இங்கே சாப்பாட்டு மேசையை நான் அப்படித்தான் சரிசெய்தேன். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, இரண்டு தடவை கெடுத்தேன், மூன்றாவது தடவை வந்துவிட்டது.

எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் வழக்கம், உனக்குத் தெரியும். பசை இரண்டு மணி நேரத்தில் காயும் என்று சொன்னேனோ இல்லையோ, பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒரு முழு நாள் விடணும். தெரியாதவங்க எல்லாம் யோசனை சொல்ல வந்துட்டாங்க." யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு முழு நாள் விடு.

உன் அண்ணி

*

ஜூன் 11

அன்பான அண்ணிக்கு,

சின்னு வணக்கத்துடன் எழுதுவது. நாற்காலி கிடைத்துவிட்டது. பிரம்பு பின்னல் முழுக்கக் கிழிந்து, நடுவில் ஒரு பூனை போய்வரலாம் போல ஓட்டை. கடைக்காரர் "இது பழங்காலத்துப் பொருள்மா" என்றார். "அதான் இருக்கை அந்தக் காலத்துலயே போயிடுச்சு போல" என்றேன். சிரித்துவிட்டார், விலையும் இறங்கிவிட்டது.

மாடிப்படி வழியே தலையில் கவிழ்த்துத் தூக்கிவந்தேன். கீழ்வீட்டு அம்மா பயந்து கதவைச் சாத்திவிட்டார். மூட்டுகளுக்குப் பசை வைத்து, டியூப் கட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். இப்போது ஆட்டினால் நான்தான் ஆடுகிறேன். இருக்கைக்கு ஒரு பலகை அறுத்துப் போட்டாயிற்று. இனி மேல்பூச்சு எப்படி?

அண்ணன் வேறு ஏதாவது சொன்னாரா? இந்த வீடு எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணி. ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது, சாவி என் பையில் இருக்கிறது. ஆனால் அண்ணன் ஒரு தடவை வந்துபோகிறவரை, கோபித்துக்கொண்டு ஓடிவந்தவள் மாதிரியே இருக்கிறது. நான் யாரோடும் கோபித்துக்கொள்ளவில்லையே.

அன்புடன்,
சின்னு

*

இறைவன் துணை

ஜூன் 16

அன்புள்ள சின்னுவுக்கு,

ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறேன். அவரைப் பேச வைக்க வேண்டுமென்றால் தப்பாகச் சொன்னால் போதும்.

"முதலில் நைஸ் உப்புத்தாளால் தேய்" என்று உரக்கச் சொன்னேன். "முரட்டுத் தாள்தான் முதல்ல!" என்றார். "மரத்து ரேகைக்குக் குறுக்கே தேய்" என்றேன். பேப்பரையே மடித்து வைத்துவிட்டார். "குறுக்க தேய்ச்சா கீறல் விழும். ரேகையோட போகச் சொல்லு அவள." அவளை என்றார் சின்னு! உன் பேச்சை அவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று. சாமி முன்னால் நின்று, நல்ல காரியத்துக்குத்தான் பொய் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே முரட்டுத் தாள் முதலில், நைஸ் தாள் அப்புறம், ரேகையோடு. ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காயவிடு. பிறகு நன்றாக மெழுகு பூசி, அதன் மேல் வார்னிஷ் அடி. பால் பொங்குகிற வாசனை வருகிறது, முடிக்கிறேன்.

உன் அண்ணி

*

ஜூன் 24

அன்பான அண்ணிக்கு,

நீங்கள் எழுதியபடியே மெழுகு பூசி வார்னிஷ் அடித்தேன். என்ன பளபளப்பு! நாலு நாள் விட்டு, வேலைக்குக் கிளம்பும் முன் ஆசையாக உட்கார்ந்து பார்த்தேன். எழுந்தால் நாற்காலியும் எழுந்தது. கீழ்வீட்டு அம்மா வந்து நாற்காலியை ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் இழுத்து, புடவை ஒரு வழியாகப் பிரிந்தது. "வாங்குனது நாற்காலியா, எலி புடிக்கிற அட்டையா?" என்று கேட்கிறார்.

வார்னிஷ் காயவே மாட்டேன் என்கிறது. நான் என்ன தப்புச் செய்தேன்? இதில் அண்ணனை எப்படி உட்காரச் சொல்வது?

சின்னு

*

இறைவன் துணை

ஜூன் 27, வெள்ளி

அன்புள்ள சின்னுவுக்கு,

தப்பு உன்னுடையது இல்லை. அந்த மெழுகு, அவருக்கு நான் போட்ட தூண்டில். அவர் திருத்துவார் என்று காத்திருந்தேன், மனுஷர் அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போயிருக்கிறார். அடுப்பில் பால் பொங்க, வாய் சொன்னதைக் கை எழுதி ஒட்டி அனுப்பிவிட்டது. சாமி கணக்குத் தீர்த்துவிட்டது, வேறென்ன.

உன் கடிதத்தையும் வாய்விட்டுத்தான் படித்தேன். எழுந்தே நின்றுவிட்டார். "மெழுகு மேல வார்னிஷ் எப்படிப் பிடிக்கும்? எந்தப் புத்திசாலி சொன்னது?" நான்தான் என்றேன். "பாவம்டி அது, தனியா கெடந்து மாரடிக்குது" என்றார். இப்போது பேருந்துப் பணிமனைக்கு வேலைக்குக் கொண்டுபோகிற பையில் சுரண்டியும் டர்பன்டைன் புட்டியும் எடுத்து வைக்கிறார். பேருந்து பழுது பார்க்க எதற்கு டர்பன்டைன் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இரு.

உன் அண்ணி

*

ஜூன் 29, ஞாயிறு மதியம்

அன்பான அண்ணிக்கு,

காலையில் கதவைத் திறந்தால் அண்ணன். "உள்ள வாங்கண்ணா" என்றேன். "நாற்காலிய வெளிய கொண்டா" என்றார். ஒரு கால்கூட உள்ளே வைக்கவில்லை. மாடிப்படி முகப்பிலேயே குந்திக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார். நான் துணியில் டர்பன்டைன் நனைத்து நனைத்துக் கொடுத்தேன். பிறகு, "மூட்டு யார் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தார். "ம்ம். அசையல" என்றார். அண்ணி, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

மெழுகு முழுக்க எடுத்து, மறுபடி தேய்த்து, மெல்லிசாக ஒரு கை வார்னிஷ் அடித்தோம். கை கழுவ வேண்டும் என்று குழாய் எங்கே எனக் கேட்டு உள்ளே போனார். கழுவிவிட்டு ஜன்னலண்டை நின்றார். "நல்லா காத்து வருதே" என்றார். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். இப்போது குறட்டை கீழ்வீடு வரை கேட்கிறது. நாற்காலி வெளியே காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் ஞாபகமே அவருக்கு இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அரிசி களைந்து வைத்திருக்கிறேன். எழுந்ததும் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவேன். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், தபால் செலவு மிச்சம். நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறேன், வழியில் பிரித்துப் படிக்காமல் இருக்க.

உங்கள்,
சின்னு