நீ வந்து உட்கார்ந்த என் இடம்

கியாலோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை வயூவாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, மூன்று வாரத்துக்கு முன்னால் என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறாய், தொப்பை போட்டிருக்கிறாய், சட்டை இடுப்பில் பிடிக்கிறது. டப்ளினில் லீவே தர மாட்டார்கள், அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் நைரோபி வருவேன் என்று போனில் மூக்கால் அழுதவன், மச்சினி கல்யாணம் என்றதும் சத்தம் காட்டாமல் வந்து இறங்கி, டோன்ஹோமில் மாமியார் வீட்டில் ஒன்பது நாள் சாப்பிட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் விமானம் ஏறிவிட்டாய். போன பிறகு வயூவாவுக்குப் போன் போட்டு, நான் பஸ்ஸில் என்ன செய்கிறேன் என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, "அம்மா அந்த பஸ்ல சும்மா உக்கார்ற வேலைய விடணும், எனக்கு அசிங்கமா இருக்கு" என்று சொன்னாயாம். பாவம், அதை என்னிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, சப்பாத்தி மாவைப் பிசைந்தபடி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் இல்லை என்பாய்.

என் கீரைக்கடையை, ரோடு போடுகிறோம் என்று இடித்துத் தள்ளிப் பதினான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லவில்லை, அது என் தப்பு. ஆனால் வியாபாரம் எப்படி என்று நீ ஒரு தடவை கேட்டிருந்தால் வாய் தவறியாவது சொல்லியிருப்பேன். முப்பத்து நாலாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர் வஞ்சாலாதான் கூப்பிட்டு வேலை கொடுத்தான். காலி வண்டியில் யார் ஏறுவார்கள், எப்போது கிளம்புமோ என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். அதனால் நாங்கள் நான்கு பேர் சர்ச்சுக்குப் போகிற உடுப்பும் கைப்பையுமாக ஏர்போர்ட் நிறுத்தத்தில் பயணி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நிஜமான ஆள் ஏற ஏற ஒவ்வொருவராக இறங்கிப் பின்னால் நிற்கிற வண்டியில் போய் உட்காருவோம். ஒரு நாளைக்கு இருபது தடவை கிளம்பி எங்கேயும் போய்ச் சேராதவள் உன் அம்மா. சிரிக்காதே, எங்களுக்கே சிரிப்பு வரும். ஆனால் தெரிந்தவர் ஏறினாலும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் குட்டு உடைந்துவிடும், வேலையும் போய்விடும்.

அன்றைக்கு வண்டி நிறைந்து என் இடம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. எப்போதும் நான்தான் கடைசியாக இறங்குவேன், ஜன்னலோரத்தில் என்னைப் பார்த்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை வருகிறதாம். வஞ்சாலா வண்டியைத் தட்டி, "கியாலோம்மா, வீட்ல தேடுறாங்க, சாவி உங்ககிட்டதான் இருக்காம்" என்றான். இறங்கச் சொல்வதற்கு அதுதான் எங்கள் சாடை. நான் வழக்கம் போல நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்தால், படியில் நீ. உன் பெயர் காதில் விழுந்துதான் நிமிர்ந்தாய். என்னைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே, பார்த்தாய், பார்த்துவிட்டு அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தாய். நான் ஒதுங்கி வழி விட்டேன். உன் பை என் முழங்காலில் இடித்தது. நீ போய் என் இடத்தில் உட்கார்ந்தாய், வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது தொழில். உனக்கு என்னடா வந்தது?

என் அண்ணன் மகன் முசேம்பி ஏர்போர்ட்டில் டாக்சி ஓட்டுகிறான், அவன் கண்ணில் படக் கூடாது என்றுதான் நீ பஸ்ஸுக்கு வந்தாய் என்று பிறகு விளங்கியது. அப்போது எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. எனக்குத் தெரியாமல் ஆச்சரியப்படுத்த வந்திருக்கிறான், நம் பைப்லைன் நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்து, வேலையைப் போட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறினேன். அன்றைக்குத்தான் டிக்கெட் எடுத்து இறங்காமல் உட்கார்ந்தேன். வழியில் உனக்குப் பிடிக்கும் என்று இடித்த சோளம் வாங்கிப் பயறு போட்டு வேக வைத்தேன். ராத்திரி வயூவா, "யாரு வர்றாங்கம்மா, இவ்ளோ செஞ்சிருக்க?" என்று கேட்டாள். இரண்டு நாள் அதையே சாப்பிட்டோம்.

மறுநாள் வஞ்சாலா, "நேத்து உங்க இடத்துல உக்காந்த பைக்காரரு பைப்லைன்ல எந்திரிச்சாரும்மா, வாசல் வரைக்கும் வந்துட்டு, இல்ல டோன்ஹோம்தான்னு திரும்பப் போய் உக்காந்துட்டாரு" என்றான். நீ எழுந்தாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன்.

வேலையை விட மாட்டேன். ஆனால் உன் பெயருக்கு அசிங்கம் வேண்டாம் என்று வஞ்சாலாவிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் என்னைக் கியாலோம்மா என்று கூப்பிடாதே, என் பெயர் சியோம்புவா என்று. நீ பிறந்த நாளிலிருந்து முப்பத்தோரு வருஷமாக யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. முதல் தடவை அவன் கூப்பிட்டபோது யாரையோ கூப்பிடுகிறான் என்று நானே அசையாமல் உட்கார்ந்திருந்தேன், ஏற வந்தவர் இடமில்லை என்று இறங்கிப் போய்விட்டார்.

இங்கே தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறது. வயூவாவுக்குத் தையல் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. நீ ராத்திரியில் பொரித்ததைத் தின்னாதே, உன் அப்பாவுக்கும் அந்தத் தொப்பையில்தான் ஆரம்பித்தது. கடவுள் உன்னையும் உன் மனைவியையும் காப்பாற்றட்டும், எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிறு தவிர எல்லா நாளும் நான் அங்கேதான், இடது பக்கம் இரண்டாவது ஜன்னல். வருவதாக இருந்தால் படியில் நின்று, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி அம்மா என்று கூப்பிடு. என் வேலை அன்றைக்குப் போனால் போகட்டும். அதுவரைக்கும்,

இப்படிக்கு,
சியோம்புவா